வானத்துக்குக் கட்டிய வடம்

சென்ற வாரம் ஒன்பதாம் வகுப்பில் இரண்டாவது உலக யுத்தப் பாடம். லண்டன் நகரத்துக்கு மேலே பூதாகாரமான மீன்களைப் போல் பலூன்கள் மிதக்கும் படம் ஒன்றைக் காட்டினேன். "ஸார், அங்கே என்ன திருவிழா?" என்று கேட்டான் ஒரு பையன். வகுப்பு முழுவதும் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு தலைமுறையின் பயம் இன்னொரு தலைமுறைக்குத் திருவிழாவாகத் தோன்றினால், அது பையனுடைய குற்றம் அல்லவே!

அந்தப் பலூன் ஒவ்வொன்றும் சுமார் 62 அடி நீளம். உள்ளே 19,000 கன அடி ஹைட்ரஜன் வாயு. எஃகு வடத்தில் கட்டி 5,000 அடி உயரம் வரையில் ஏற்றிவிடுவார்கள். பகைவனைத் தடுப்பது பலூன் அல்ல, வடந்தான். இறக்கை அதில் சிக்கினால் விமானம் தப்புவது அரிது. ஆகையால் விமானி உயரப் பறந்தாக வேண்டும். உயரப் பறந்தாலோ குறி தவறும், கீழேயுள்ள பீரங்கிகளுக்கும் இலக்காவான். 1944-ல் ஜெர்மனி ஏவிய ஆளில்லாப் பறக்கும் குண்டுகளில் 200-க்கு மேற்பட்டவை இந்த வடங்களில் மோதி அழிந்தன. நமது கல்கத்தாவிலும் பலூன்கள் பறந்தன. 1942 டிசம்பரில் ஜப்பானியர் குண்டு போட்ட ஊர் அல்லவா?

பலூனின் துணி என்றோ மக்கிப் போயிற்று. மிஞ்சியது அதைக் கட்டி வைத்த இடம் ஒன்றுதான். நடுவில் ஒரு சிமெண்டுக் கட்டை. சுற்றிலும் வட்டமாகச் சில கட்டைகள். ஒவ்வொன்றிலும் ஓர் இரும்பு வளையம். நம் ஊரில் பார்த்தால் மாடு கட்டுகிற இடம் என்பார்கள். இங்கிலாந்தில் சில ஊர்களில் புல்லுக்கு நடுவே இவை இன்னும் இருக்கின்றன. அழகில்லாத இந்தக் கட்டைகளையும் சரித்திரச் சின்னமாகக் கருதுகிறார்கள்.

அந்த வளையங்கள் எந்தப் பயத்துக்காக நடப்பட்டன என்பதற்குச் சாட்சி நமக்கு அருகிலேயே, திருகோணமலையில் இருக்கிறது. 1942 ஏப்ரல் 9-ந் தேதி ஜப்பானியர் அந்தத் துறைமுகத்தைத் தாக்கினார்கள். அங்கிருந்த எண்ணெய்த் தொட்டிகளில் 91-ம் எண்ணுள்ளதன் மீது ஒரு விமானம் விழுந்தது. ஏழு நாள் எரிந்தது என்பார்கள். உருகிச் சுருண்ட அதன் இரும்புச் சுவரை இன்றும் பார்க்கலாம்.

சரி, அரியாங்குப்பத்தில் என்ன இருக்கிறது? அரிக்கமேட்டை உலகம் அறியும். 1945-ல் அங்கே தோண்டிய மார்ட்டிமர் வீலர், அதற்குச் சில வருஷங்களுக்கு முன் வட ஆப்பிரிக்காவில் விமான எதிர்ப்புப் பீரங்கிப் படையை நடத்தியவர் என்பது ஒரு வேடிக்கை. ரோமாபுரி ஜாடியின் ஓட்டுக்குக் கிடைத்த மரியாதை எங்கள் ஊர்க் கோட்டைக்குக் கிடைக்கவில்லை. 1748-ல் ஆங்கிலேய அட்மிரல் பாஸ்கவன் புதுச்சேரியை முற்றுகையிட வந்தபோது முதலில் வழிமறித்தது அந்தக் கோட்டைதான். உள்ளே வெடிமருந்து வெடித்துவிடவே, பிரெஞ்சுக்காரர் தாமே அதைத் தகர்த்துவிட்டுப் பின்வாங்கினார்கள்.

"அது எந்த இடம், ஸார்?" என்று அதே பையன் கேட்டான். இருபது வருஷமாகச் சரித்திரம் போதிக்கிற எனக்கு விரலை நீட்டிக் காட்டத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவனையும் அழைத்துக்கொண்டு ஆற்றங்கரைப் பக்கம் போய், ஊர்ப் பெரியவர்களை விசாரிக்கப் போகிறேன்.