“இந்தப் பங்கைச் சேர்ந்தவர்”

ஆபிரகாம் லிங்கனுக்குத் தம் பாட்டனாருக்கு மேலே உறுதியாக ஒன்றும் தெரியாது. 1859-ல் தம் வாழ்க்கைக் குறிப்பைச் சுருக்கமாக எழுதிக் கொடுத்தபோது, நியூ இங்கிலாந்தில் அதே பெயரோடு வாழ்ந்த குடும்பத்துடன் தம் குடும்பத்தை இணைத்துப் பார்க்க ஒரு முயற்சி நடந்ததாகவும், இரு வீட்டிலும் ஒரே மாதிரிப் பெயர்கள் வருவதைத் தவிர வேறொன்றும் அகப்படவில்லை என்றும் குறிப்பிட்டார். அந்த ஊகம் சரிதான் என்று பின்னால்தான் தெளிந்தது. அவருக்கு ஆறு தலைமுறைக்கு முந்தைய சாமுவேல் லிங்கன் 1637-ல் கப்பலேறியவர். இங்கிலாந்தில் நார்ஃபோக் வட்டாரத்து ஹிங்ஹாம் என்ற சிற்றூரின் கோயில் பதிவேட்டில், 1622 ஆகஸ்ட் 24 அன்று அவருக்கு ஞானஸ்நானம் நடந்ததாக இருக்கிறது. அப்படியானால் கப்பலேறும்போது 15 வயதுதான். கப்பல் பட்டியலில் 18 என்று எழுதியிருக்கிறார்கள். நெசவாளி ஒருவரிடம் வேலைக்காரனாகப் போன பையன். வயதைக் கூட்டிச் சொல்லி வேலைக்குச் சேர்வது நம்மவர்கள் மட்டும் கண்ட வித்தை அல்ல போலும்!

ஒரு கோயிலின் ஆளுகைக்குட்பட்ட எல்லையைப் பங்கு என்பார்கள். பங்குதோறும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் ஏட்டில் எழுத வேண்டும் என்று 1538-ல் உத்தரவிட்டவர் எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல். காகிதத்தில் இருந்தவற்றைத் தோல் ஏட்டுக்கு மாற்றவும், ஆண்டுதோறும் ஒரு படியை மேற்றிராணியாருக்கு அனுப்பவும் 1598-ல் ஏற்பாடாயிற்று. எலியோ ஈரமோ மூலத்தைத் தின்றிருந்தாலும் படி பிழைத்திருக்கும். 1640-களின் உள்நாட்டுப் போரில் பல ஊர்களில் ஏடே எழுதப்படவில்லை. பழைய கணக்கில் ஆண்டு மார்ச் 25-ல் பிறந்தது. 1752-லிருந்துதான் ஜனவரி முதல் தேதிக்கு மாறியது. 1700 ஏப்ரலில் கல்யாணம், 1700 பிப்ரவரியில் பிள்ளைக்கு ஞானஸ்நானம் என்று படித்துவிட்டுப் பாட்டியைத் தப்பாக நினைத்துவிடக் கூடாது. பத்து மாதம் கழித்துத்தான் பிறந்திருக்கிறது.

இத்தனை இருந்தும் ஆள் அகப்படாமல் போவது ஒரே ஒரு சொற்றொடரால். திருமணப் பதிவில், “இருவரும் இந்தப் பங்கைச் சேர்ந்தவர்கள்” என்று எழுதிவிடுவார்கள். பிழைப்புக்காக வேற்றூரிலிருந்து வந்து சில வாரமே ஆனவனுக்கும் அதுவேதான். அவன் 1851 குடிக்கணக்கு வரை உயிரோடிருந்தால் தப்பித்தான்; அதில் பிறந்த பங்கின் பெயரைக் கேட்டு எழுதினார்கள். அதற்கு முன்பே இறந்தவனின் ஊர் அவனோடு போயிற்று. இருந்த இடத்திலேயே இருந்தவனை ஏடு காட்டிக் கொடுக்கும். குடிபெயர்ந்தவனைத்தான் மறைத்துவிடும்.

குடிபெயர்ந்த ஏழையைப் பற்றி விரிவாக எழுதி வைத்ததும் உண்டு. அது அன்பினால் அல்ல. ஏழைக்கு உதவும் பொறுப்பு அவனுடைய சொந்தப் பங்குக்கே என்பதால், 1662-ஆம் ஆண்டுச் சட்டம், செலவு வைப்பான் என்று தோன்றியவனைத் திருப்பியனுப்ப வழி செய்தது. எங்கே பிறந்தாய், யாரிடம் வேலை செய்தாய் என்று நீதிபதிகள் விசாரித்து எழுதிக்கொண்டார்கள். மணமாகாத கர்ப்பிணியைப் பிள்ளை பிறக்குமுன் எல்லை தாண்டிக் கொண்டுபோய் விட்ட கதைகளும் உண்டு. இன்று வம்சம் தேடுகிறவர்களுக்கு அந்த விசாரணைத் தாள்தான் புதையல். “உனக்கு எந்த ஊர்?” என்ற கேள்விக்கு இப்படியும் ஒரு பொருள் உண்டு என்பது 1960-களில் பம்பாயில் இருந்த நம் பெரியவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இனி நம் கதைக்கு வருவோம். பிறப்பு இறப்புப் பதிவுக்கு நாடு முழுமைக்கும் ஒரே சட்டம் வந்தது 1969-ல். அதற்கு முந்தியவர்களில் பலருடைய பிறந்த தேதி, பள்ளியில் சேர்த்த அன்று வாத்தியார் போட்டதுதான். நம் சங்கங்களின் உறுப்பினர் படிவத்தில் ‘சொந்த ஊர்’ என்ற இடத்தில் ‘திருநெல்வேலி’, ‘தஞ்சாவூர்’ என்றே பெரும்பாலோர் எழுதுகிறோம். எந்தத் திருநெல்வேலி? 1986-ல் தூத்துக்குடி அதிலிருந்து பிரிந்தது. 1991-ல் தஞ்சையிலிருந்து நாகப்பட்டினம் பிரிந்தது. “இந்தப் பங்கைச் சேர்ந்தவர்” என்று பாதிரியார் எழுதியதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? முன்பெல்லாம் இனிஷியலில் ஊரின் முதலெழுத்தாவது ஒட்டிக்கொண்டிருந்தது. இங்கே அலுவலகத்தில் ‘சர்நேம்’ கேட்டபோது அதையும் உதிர்த்துவிட்டோம்.

கிராமத்தின் பெயர், பக்கத்துப் பெரிய ஊர், கிளம்பிய ஆண்டு, கூட்டி வந்தவர் யார், இங்கே முதலில் தங்கியது எந்தச் சாளில் – இவற்றைப் படிவத்தில் சேர்க்கலாமே என்று ஒரு கூட்டத்தில் சொன்னேன். நண்பர் ஒருவர் உடனே எழுந்தார். “இன்று ஊரைக் கேட்பீர்கள், நாளை தெருவைக் கேட்பீர்கள், அதற்கப்புறம் சாதியைக் கேட்பீர்கள். அதிலிருந்து தப்பித்துத்தானே எங்கப்பா இங்கே வந்தார்?” என்றார். எனக்குப் பதில் வரவில்லை. அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஆகவே என் யோசனையைத் திருத்திக்கொள்கிறேன்: இது சங்கத்துக்கு வேண்டாம். அவரவர் வீட்டில், அவரவர் கையால், ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி வைத்தால் போதும். எதை எழுதுவது, எதை விடுவது என்பது அந்த வீட்டின் உரிமை.

பழைய ஆங்கில ஏடுகள் பலவற்றில் ஞானஸ்நானப் பதிவில் தகப்பன் பெயர் மட்டும் இருக்கும். தாய் பெயர் இராது. சிரித்துக்கொண்டேதான் படித்தேன். பிறகு நோட்டை எடுத்து எழுத உட்கார்ந்தபோது, என் அப்பாவின் ஆச்சிக்குப் பிறந்த ஊர் எதுவென்று எனக்குத் தெரியவில்லை. அவர் பெயரும் தெரியவில்லை. வீட்டில் எல்லோரும் ஆச்சி என்றே சொன்னோம். கோவில்பட்டியில் இருக்கும் பெரிய அத்தை ஒருத்திக்குத்தான் தெரியும். 88 வயதாகிறது, போனில் காது கேட்பதில்லை. பொங்கலுக்கு டிக்கெட் போட்டிருக்கிறேன்.