எழுதுவது ஐந்து எழுத்து, சொல்வது 'டைக்': வசைச்சொல்லாக இருந்த ஐரிஷ் பெயர் மீண்டு வந்தது எப்படி?

2025 ஜூலை 19. ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் ரக்பி டெஸ்ட் போட்டி. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், அயர்லாந்து ஆகிய நான்கு நாட்டு வீரர்களையும் சேர்த்து, நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை களமிறங்கும் 'பிரிட்டிஷ் அண்ட் ஐரிஷ் லயன்ஸ்' அணி ஆடுகிறது. தொடக்க வரிசையில் நின்ற 15 பேரில் இரண்டு பேருக்கு ஒரே பெயர். ஒருவர் டைக் ஃபர்லாங். இன்னொருவர் டைக் பெர்ன். அந்தத் தொடரின் சிறந்த வீரர் விருதும் டைக் பெர்னுக்கே போனது.

அயர்லாந்துக்கு வெளியே இந்தப் பெயரைக் கேள்விப்பட்டவர்கள் குறைவு. அமெரிக்காவில் அதிகம் வைக்கப்படும் முதல் 1000 ஆண் பெயர்களில் இதைப் பார்க்க முடியாது. ஆனால் அயர்லாந்தில் கதையே வேறு. கடந்த சில ஆண்டுகளாக ஆண் குழந்தைகளுக்கு அதிகம் வைக்கப்படும் முதல் 20 பெயர்களுக்குள் 'டைக்' இருக்கிறது.

இதில் என்ன ஆச்சரியம்னு கேட்கலாம். சில நூற்றாண்டுகளுக்கு முன்பு லண்டன் நாடக மேடைகளில் சிரிப்பு மூட்ட வைத்த பெயர் இது. வடக்கு அயர்லாந்தில் இன்றும் ஒரு வசைச்சொல்லுக்கு வேர் இது. அப்படிப்பட்ட பெயரை இப்போது பெற்றோர்கள் ஆசையாகத் தேடி வைக்கிறார்கள். ஏன்? விரிவாகப் பார்க்கலாம் வாங்க.

முதலில், எப்படிச் சொல்வது?

'டைகர்' என்று சொல்ல ஆரம்பித்து, கடைசி 'அர்' வருவதற்குள் நிறுத்திவிடுங்கள். அவ்வளவுதான். ஆனால் எழுதும்போது டி, ஏ, டி, எச், ஜி என ஐந்து எழுத்துகள். முதன்முறை பார்ப்பவர்கள் 'டாட்ஹ்க்' என்று திணறுவது சகஜம்.

இது எழுத்துப் பிழை இல்லை. ஐரிஷ் மொழி ரோமன் எழுத்துகளைத்தான் பயன்படுத்துகிறது. ஆனால் அதற்கென்று தனி விதிகள் உண்டு. ஒரு மெய்யெழுத்தின் ஓசை மெலிந்து போனதைக் காட்ட, பக்கத்தில் 'எச்' போடுவார்கள். இந்தப் பெயரில் நடுவில் இருக்கும் 'டி' காலப்போக்கில் மெலிந்து கரைந்து, முன்னால் இருந்த உயிரோசையோடு கலந்து 'ஐ' ஆகிவிட்டது. எழுத்து மட்டும் பழைய தடயமாக நிற்கிறது. நம்ம 'ழ'வை ஆங்கிலத்தில் இசட், எச் என்று எழுதியதும் வெளியூர்க்காரர்கள் 'ஜ' என்று படிக்கிறார்கள் இல்லையா? கிட்டத்தட்ட அதே சிக்கல்தான்.

இன்னொரு சுவாரசியம். ஐரிஷில் ஒருவரைக் கூப்பிடும்போது பெயரே மாறும். 'முருகன்' கூப்பிடும்போது 'முருகா' ஆவதுபோல. நம்ம விளிவேற்றுமையில் பெயரின் கடைசி மாறும். அவர்களுக்கு முதல் எழுத்தே மாறும். 'டைக்' என்பவரை 'அ ஹைக்' என்று கூப்பிட வேண்டும். ஸ்காட்லாந்தில் பிரபலமான 'ஹேமிஷ்' என்ற பெயர் பிறந்ததே இப்படித்தான். 'ஷேமஸ்' என்பவரைக் கூப்பிடும் வடிவமே தனிப் பெயராக நிலைத்துவிட்டது.

பெயரின் பொருள் என்ன?

டைக் என்றால் கவிஞன்.

பழைய கேலிக் சமூகத்தில் கவிஞன் சாதாரண ஆள் இல்லை. ஆண்டுக்கணக்கில் பயிற்சி பெற்றவர். அரசனின் வம்சாவளி, வீரம், கொடை எல்லாவற்றையும் பாட்டில் பதிவு செய்பவர். அவர் வசை பாடினால் அரசனின் மானமே போய்விடும் என்ற பயமும் இருந்தது.

அதனால் இது மேட்டுக்குடிப் பெயராகவும் இருந்தது. 1014-ல் க்ளோன்டார்ஃப் போரில் இறந்த புகழ்பெற்ற அரசர் பிரையன் போருவின் மகன்களில் ஒருவர் பெயர் இதுதான். 16-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த டைக் டால் ஓ ஹிகின் பெயருக்கு ஏற்றபடியே பெரும் கவிஞர். 'டால்' என்றால் பார்வையற்றவர்.

17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிலைமை தலைகீழானது. 1601-ல் கின்சேல் போரில் ஐரிஷ் தரப்பு தோற்றது. 1607-ல் வடக்கின் முக்கிய ஐரிஷ் பிரபுக்கள் நாட்டை விட்டே கப்பலேறிப் போனார்கள். புரவலர்கள் போனதும் கவிஞர்களுக்கும் ஆதரவு போனது.

பெயருக்கே சட்டம் போட்ட காலம்

அயர்லாந்தில் பெயர் என்பது ரொம்ப காலமாகவே அரசியல். 1366-ல் இயற்றப்பட்ட கில்கென்னி சட்டங்கள், அங்கே குடியேறிய ஆங்கிலேயர்கள் ஆங்கிலம்தான் பேச வேண்டும், ஆங்கிலப் பெயர்தான் வைத்துக்கொள்ள வேண்டும் என்றன. அவர்கள் ஐரிஷ்காரர்களாகவே மாறிவிடுகிறார்களே என்ற கவலைதான் காரணம்.

1465-ல் இன்னொரு சட்டம். இது ஐரிஷ் மக்கள் மீதே பாய்ந்தது. டப்ளின், மீத், லூத், கில்டேர் பகுதிகளில் ஆங்கிலேயர்களுக்கு நடுவே வாழும் ஐரிஷ்காரர்கள் ஆங்கிலக் குடும்பப்பெயர் எடுத்தாக வேண்டும். என்ன பெயர் எடுக்கலாம் என்றும் சட்டமே சொன்னது. ஊர் என்றால் சட்டன், செஸ்டர். நிறம் என்றால் வைட், பிளாக், பிரவுன். தொழில் என்றால் ஸ்மித், கார்பென்டர். வேலை என்றால் குக், பட்லர்.

டைக், 'டிமோத்தி' ஆனது எப்படி?

பின்னால் வந்த நூற்றாண்டுகளில் சட்டம் செய்யாததைச் சூழ்நிலை செய்தது. நீதிமன்றம், நிலப்பத்திரம், பள்ளிக்கூடம் எல்லாம் ஆங்கிலத்தில். 1737-ல் நீதிமன்ற நடவடிக்கைகள் ஆங்கிலத்தில் மட்டுமே நடக்க வேண்டும் என்று தனிச்சட்டமே வந்தது. 1831-ல் தொடங்கிய அரசுப் பள்ளிகளிலும் ஆங்கிலமே பாடமொழி. வீட்டில் ஒரு பெயர், பதிவேட்டில் ஒரு பெயர் என்ற வழக்கம் வந்தது.

டைக் என்ற பையன் ஏட்டில் 'டிமோத்தி' ஆனான். இரண்டுக்கும் பொருளில் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஒன்று கேலிக், இன்னொன்று கிரேக்கம். இரண்டும் 'டி'யில் தொடங்குகின்றன, அவ்வளவுதான். இதேபோல டியர்மிட் 'ஜெரமையா' ஆனார். கோனர் 'கொர்னீலியஸ்' ஆனார். 'டைக்கின் மகன்' என்ற பொருள் கொண்ட குடும்பப்பெயர் சில இடங்களில் மெக்டீக் ஆனது. சில இடங்களில் அடையாளமே தெரியாமல் 'மாண்டேகு' என்று மாறியது.

அடுத்து வந்தது பெரும் பஞ்சம். 1845-ல் உருளைக்கிழங்குப் பயிரை நோய் தாக்கியது. அடுத்த சில ஆண்டுகளில் பட்டினியாலும் நோயாலும் சுமார் 10 லட்சம் பேர் இறந்தார்கள். ஏறக்குறைய அதே அளவு மக்கள் நாட்டை விட்டுப் போனார்கள். அதிகம் அடிபட்டது ஐரிஷ் பேசிய மேற்குப் பகுதி. கப்பலேறப் போகும் பிள்ளைக்கு ஆங்கிலம்தான் சோறு போடும் என்று பெற்றோர்களே நினைக்க ஆரம்பித்தார்கள். பெயரும் அதே வழியில் போனது.

பெயரே வசைச்சொல் ஆனது

ஒருபக்கம் பெயர் மறைந்தது. இன்னொருபக்கம் அது கேலிப்பொருள் ஆனது. 17-ஆம் நூற்றாண்டு லண்டன் நாடகங்களில் 'டீக்' என்றால் முட்டாள் ஐரிஷ் வேலைக்காரன் என்று அர்த்தம். 1680-களின் இறுதியில் பிரபலமான 'லில்லிபுல்லேரோ' பாடலும் ஐரிஷ் கத்தோலிக்கர்களை இந்தப் பெயரை வைத்தே நக்கலடித்தது. அந்தப் பாடலின் மெட்டைத்தான் பிபிசி உலக சேவை வானொலி பல ஆண்டுகள் தன் அடையாள இசையாக ஒலிபரப்பியது என்பது கூடுதல் தகவல்.

வடக்கு அயர்லாந்தில் இது இன்னும் மோசமான வடிவம் எடுத்தது. 'டேக்' என்ற சொல் கத்தோலிக்கர்களைக் குறிக்கும் வசையாக நிலைத்தது. கொலை மிரட்டலோடு சேர்த்து அதைச் சுவர்களில் கிறுக்குவதும் நடந்தது. சுமார் 3,500 பேர் உயிரைக் குடித்த 30 ஆண்டு மோதல் காலத்தில், ஒருவர் எந்தத் தரப்பு என்பதைப் பெயரே காட்டிக்கொடுத்துவிடும்.

இப்போ ஏன் இவ்வளவு மவுசு?

திருப்பம் திடீரென்று வரவில்லை. 1893-ல் டக்ளஸ் ஹைட் உள்ளிட்டோர் தொடங்கிய கேலிக் லீக், மொழியோடு சேர்த்துப் பெயர்களையும் மீட்கச் சொன்னது. இதே ஹைட்தான் 1938-ல் அயர்லாந்தின் முதல் குடியரசுத் தலைவரானார். 1922-ல் தனி அரசு அமைந்ததும் ஐரிஷ் தேசிய மொழியானது, பள்ளிகளில் கட்டாயப் பாடமும் ஆனது.

அண்மைக் காலத்தில் வேகம் கூட்டியவை வேறு. ஒன்று, விளையாட்டு. டைக் ஃபர்லாங் 2017, 2021, 2025 என மூன்று லயன்ஸ் பயணங்களில் இடம்பிடித்தவர். அவருக்கும் முன்பே டைக் கென்னலி இருக்கிறார். 2005-ல் ஆஸ்திரேலிய ஃபுட்பால் லீக் கோப்பையை சிட்னி அணியோடு வென்றார். 2009-ல் ஊர் திரும்பி கெர்ரி அணிக்காக கேலிக் கால்பந்தின் ஆல்-அயர்லாந்து கோப்பையையும் வென்றார்.

இரண்டு, சினிமா. 2024-ல் 'ஓப்பன்ஹைமர்' படத்துக்காக ஆஸ்கர் வென்ற கில்லியன் மர்ஃபியை 'சில்லியன்' என்று படித்தவர்கள் எத்தனை பேர்! உலகம் தப்பாகப் படித்தாலும் அவர் பெயரை மாற்றிக்கொள்ளவில்லை. சரியாகச் சொல்ல உலகம்தான் கற்றுக்கொண்டது.

மூன்று, தன்னம்பிக்கை. வெளிநாட்டுக்காரர் வாயில் நுழையுமா என்பது இனி முதல் கேள்வி இல்லை. 2021-ல் அயர்லாந்தில் பெண் குழந்தைகளுக்கு அதிகம் வைக்கப்பட்ட பெயர் 'ஃபீயா'. அதிலும் 'டி, எச்' உண்டு, உச்சரிப்பில் காணோம்! ஆண்களில் ரீயன், ஓஷீன், கில்லியன் எல்லாம் டைக்கோடு சேர்ந்து மேலே வந்தவை. அதற்காக ஆங்கிலப் பெயர்கள் ஓடிவிடவில்லை. 2007 முதல் 2023 வரை, 2016 தவிர்த்து, ஆண் பெயர்களில் முதலிடம் 'ஜாக்'குக்குத்தான்.

பெயர் வந்தாச்சு... மொழி?

உண்மையான கேள்வி இதுதான். 2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சுமார் 18.7 லட்சம் பேர் தங்களுக்கு ஐரிஷ் பேசத் தெரியும் என்றார்கள். ஆனால் பள்ளிக்கூடத்துக்கு வெளியே தினமும் பேசுகிறோம் என்றவர்கள் சுமார் 72,000 பேர் மட்டுமே. பல வீடுகளில் டைக்கை 'அ ஹைக்' என்று யாரும் கூப்பிடுவதில்லை. பெயர் ஐரிஷ். சாப்பிடக் கூப்பிடுவது ஆங்கிலத்தில்.

அப்படியென்றால் இது வெறும் ஃபேஷனா? அப்படியும் ஒதுக்கிவிட முடியாது. மொழியை மீட்க ஆசிரியர் வேண்டும், பள்ளி வேண்டும், பேச ஆள் வேண்டும். பெயர் வைக்க பெற்றோரின் முடிவு மட்டும் போதும். ஆனால் வைத்த பெயர் பிறகு சும்மா இருப்பதில்லை. அரசு அலுவலகக் கணினிகளையே அது கேள்வி கேட்கிறது. உயிரெழுத்தின் மேல் போடும் 'ஃபாடா' என்ற சாய்கோடு நெடிலைக் காட்டும். 'ஷான்' என்ற பெயரில் அதை விட்டுவிட்டால், அந்தச் சொல்லுக்குக் 'கிழடு' என்று பொருள் வந்துவிடும்! பெயர்களை ஃபாடாவோடு சரியாகப் பதிவு செய்வது அரசு அமைப்புகளின் கடமை என்று 2021 மொழிச்சட்டத் திருத்தத்தில் சேர்க்க வேண்டி வந்தது. டைக்கில் ஃபாடா இல்லாததால் அந்தத் தலைவலி மட்டும் மிச்சம்.

வடக்கில் மட்டும் இன்னும் ஒரு நெருடல்

வடக்கு அயர்லாந்தில் 1976-லேயே வேலைவாய்ப்பில் மதப் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் வந்தது. 1998-ல் அமைதி ஒப்பந்தம். 2022-ல் இயற்றிய சட்டம் ஐரிஷ் மொழிக்கு அதிகாரபூர்வ அங்கீகாரம் தந்தது. 1737-ன் அந்தப் பழைய நீதிமன்றச் சட்டத்தை நீக்கவும் வழி செய்தது.

ஆனால் சட்டம் மாறிய வேகத்தில் காது மாறுவதில்லை. ரோரி, பிரையன் போன்ற கேலிக் பெயர்கள் இரு தரப்புக்கும் பொதுவாகிவிட்டன. டைக் இன்னும் அந்த நிலைக்கு வரவில்லை. டப்ளினில் பிறக்கும் டைக்குக்கு அது ஒரு அழகான பழைய பெயர். பெல்ஃபாஸ்டில் பிறக்கும் டைக்குக்கு, அதே பெயர் தன் தாத்தாவைத் திட்டப் பயன்பட்ட சொல் என்பதும் ஒருநாள் தெரியவரும்.

அது தெரிந்தும் அங்கே ஒரு பெற்றோர் இந்தப் பெயரை வைத்தால், வசையாக மாறிய சொல்லுக்குக் 'கவிஞன்' என்ற அதன் பழைய பொருளைத் திருப்பித் தருகிறார்கள் என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.