முதற்கோணல் முற்றுங் கோணலா?

பத்தாம் வகுப்புத் தேர்வின் முடிவு வெளியாகும் நாளில் நம் ஊர்களில் இருவகை இல்லங்களைக் காணலாம். ஒன்றில் இனிப்பு வழங்குகிறார்கள். மற்றொன்றில் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். "அறிவியலில் நாற்பது வாங்கிய உனக்கு டாக்டர் ஆசை எதற்கு?" என்று தந்தையோ மாமனோ கேட்டுவிடுகிறார். முதற்கோணல் முற்றுங் கோணல் என்னும் பழமொழியும் அவருக்குத் துணையாக வந்து நிற்கிறது. சுவர் எழுப்பும் கொத்தனாருக்கு அப்பழமொழி பொருந்தும். வளர்கின்ற பிள்ளைக்கும் அது பொருந்துமா? இம்மாதம் இதனையே சிந்திப்போம்.

முதலில் சட்டம் கூறுவதைப் பார்ப்போம். மருத்துவக் கல்லூரிச் சேர்க்கையில் பத்தாம் வகுப்பு மதிப்பெண் கணக்கிலேயே வராது. பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியல் ஆகிய பாடங்களில் தேர்ச்சி பெற்றிருக்க வேண்டும். தமிழகத்தில் 2017 முதல் இடத்தைத் தீர்மானிப்பது நீட் தேர்வே. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் பயின்றோருக்கு 2020-இல் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடும் வந்தது. அதற்கு முந்திய ஆண்டில் விரல்விட்டு எண்ணத்தக்க அரசுப் பள்ளி மாணவர்களே மருத்துவக் கல்லூரியில் நுழைந்தனர். அவ்வாண்டிலோ முந்நூற்றுக்கு மேற்பட்டோர் நுழைந்தனர். அரசு உதவி பெறும் பள்ளிகளில் பயின்றோர் இவ்வொதுக்கீட்டில் அடங்கார் என்பதையும் நம் பெற்றோர் அறிந்துகொள்ள வேண்டும்.

முதல் முயற்சியில் தவறியவர் கதை முடிந்தது என்றும் எண்ண வேண்டாம். நீதியரசர் ஏ. கே. ராஜன் குழு 2021-இல் அளித்த அறிக்கையைப் பாருங்கள். 2020-21-ஆம் ஆண்டில் தமிழகத்தில் மருத்துவப் படிப்பில் சேர்ந்தோரில் 71.42 விழுக்காட்டினர் மீண்டும் தேர்வு எழுதி வந்தவர்களே. தேனி மாவட்டத்தில் ஆடு மேய்க்கும் தந்தையின் மகன் ஒருவர் முதல் முறை 193 மதிப்பெண்ணே பெற்றார். அடுத்த முறை, 2020-இல், அவர் பெற்றது 664. ஓராண்டில் அவர் மூளை மாறிவிடவில்லை. பயிலும் முறையும், பயிற்றுவித்தோர் காட்டிய அக்கறையும் மாறின.

பிள்ளையின் மதிப்பெண் ஏன் குறைந்தது என்று எத்தனை பெற்றோர் கேட்கிறோம்? பெரம்பலூர்ப் பக்கத்தில் வெங்காயக் காட்டிலும் பருத்திக் காட்டிலும் வேலை மிகும் நாள்களில் தாயோடு சென்ற பிள்ளை, அந்நாள்களின் பாடத்தை எங்கே கற்றிருக்கும்? கரும்பலகை கண்ணுக்குத் தெரியாமலே மூன்றாண்டு அமர்ந்திருந்த பிள்ளையும் உண்டு. அதற்கு வேண்டியது கண்டிப்பன்று, கண்ணாடி. தந்தை குடித்துவிட்டு வரும் வீட்டில் இரவுப் படிப்பு ஏது? நோயின் காரணம் அறியாது மருந்து கொடுப்பவனை நாம் மருத்துவன் என்று சொல்வதில்லை. காரணம் அறியாது பிள்ளையைக் கண்டிக்கும் நாம் மட்டும் நல்ல பெற்றோர் ஆவோமா?

ஸ்பெயின் நாட்டில் 1852-இல் பிறந்த சந்தியாகோ ரமோன் இ கஹால் என்பாரைப் பற்றிக் கேளுங்கள். பள்ளியில் அடங்காப் பிள்ளை. எந்நேரமும் படம் வரைவதே வேலை. சினந்த தந்தை அவரை முடிதிருத்துவோரிடமும் செருப்புத் தைப்போரிடமும் தொழில் பழக விட்டார். தந்தை ஒரு மருத்துவர். 1868-ஆம் ஆண்டுக் கோடையில் அவர் வேறு வழி கண்டார். மகனைக் கல்லறைத் தோட்டத்திற்கு அழைத்துச் சென்று, அங்குக் கிடைத்த எலும்புகளைக் காட்டி, அவற்றை வரையச் சொன்னார். வெறுத்த படிப்பும் விரும்பிய ஓவியமும் அன்று ஒன்றாயின. 1873-இல் மகன் மருத்துவப் பட்டம் பெற்றார். நரம்பு உயிரணுக்களைத் தம் கையாலேயே வரைந்து உலகுக்கு விளக்கினார். 1906-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். மாறியவர் மகன் மட்டுமா? முதலில் மாறியவர் தந்தையே.

தேர்வுக் குழுவின் வரிசையும் இறுதித் தீர்ப்பன்று. அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரத்து டெக்சாஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளி 1979-இல் 150 பேரைச் சேர்த்துக்கொண்டது. பின்னர் மாநிலச் சட்டமன்றம் மேலும் 50 இடங்களைக் கூட்டவே, முன்பு மறுக்கப்பட்டு வரிசையின் அடியில் இருந்தோரை அழைக்க நேர்ந்தது. படிப்பு முடிந்தபின் ஒப்பிட்டுப் பார்த்தனர். இரு சாராரிடையேயும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்று 1987-இல் ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது. வாயிலில் இடும் வரிசை வேறு. உள்ளே சென்றபின் வெளிப்படும் திறன் வேறு.

எனினும் நம்பிக்கை என்பது கண்ணை மூடிக்கொள்வதன்று. அடிப்படை தளர்ந்த பிள்ளை எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் புத்தகங்களிலிருந்தே மீண்டும் தொடங்க வேண்டும். இதில் வெட்கம் இல்லை. எத்தனை முறை முயல்வது என்பதைக் குடும்பமாக அமர்ந்து முன்னதாகவே முடிவு செய்யுங்கள். பணம் கொடுத்தால் இடம் வாங்கித் தருவோம் என்று வருவோரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். நிலத்தை விற்று ஆசையை வாங்க முடியாது. செவிலியர் பணி, மருந்தாளுநர் பணி, ஆய்வுக்கூடப் பணி ஆகியனவும் நோயாளியின் உயிர் காப்பவையே. அவற்றைத் தோற்றவர் ஒதுங்கும் இடமாகப் பேசாதீர்கள்.

கதவு திறக்காத நாளும் உண்டு. அதை நம் அரியலூர் மாவட்டம் மறக்கவியலாது. குழுமூர் அனிதா படிப்பில் பின்தங்கியவர் அல்லர். 2017-இல் பன்னிரண்டாம் வகுப்பில் 1200-க்கு 1176 பெற்றவர். நீட் தேர்வில் 86 பெற்றார். உச்ச நீதிமன்றம் வரை சென்று முறையிட்டார். அவ்வாண்டு செப்டம்பர் முதல் நாள் அவரை இழந்தோம். 2022 ஜனவரியில் அரியலூரிலேயே 150 இடங்களுடன் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. அதன் அரங்கம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. தேர்வு முறை நேரியதா என்னும் வழக்கைப் பெரியவர்கள் தொடர்ந்து பேசட்டும். ஆனால் அதன் சுமையை ஒரு பிள்ளையின் தோளில் மட்டும் ஏற்றிவிடக் கூடாது.

ஆகவே, பெற்றோரே, தேர்வு முடிவு வரும் நாளில் கதவைச் சாத்தாதீர்கள். மதிப்பெண் பட்டியலைப் பார்க்குமுன் பிள்ளையின் முகத்தைப் பாருங்கள். "நீ டாக்டராக வேண்டும்" என்று ஆணையிடவும் வேண்டாம். "உன்னால் ஆகாது" என்று தீர்ப்பிடவும் வேண்டாம். "எங்கே தடுமாறினாய்? வா, அங்கிருந்தே தொடங்குவோம். இடம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் நீ எங்கள் பிள்ளை" என்று சொல்லுங்கள். அன்றிரவு அந்தப் பிள்ளை நிம்மதியாக உறங்கும். மறுநாள் காலையில் தானே புத்தகத்தை எடுக்கும்.