“எப்படியும் ஒண்ணாத்தானே கொட்டுறாங்க?”

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கக் கூட்டத்தில் குப்பை பற்றிப் பேச்செடுத்தால் போதும், யாராவது ஒருவர் கையை உயர்த்திவிடுவார். “நாம மாஞ்சு மாஞ்சு பிரிச்சுக் குடுத்தாலும் அவங்க எல்லாத்தையும் ஒண்ணாத்தான் சார் கொட்டுறாங்க. நானே என் கண்ணால பார்த்தேன்.” பிறகு யாரும் வாய் திறக்க மாட்டார்கள். தண்ணீர் மோட்டார், லிஃப்ட் ரிப்பேர் என்று அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவோம். சென்னையின் எந்தத் தெருவிலும் இந்தப் பேச்சைக் கேட்கலாம். படித்தவர்கள் கொஞ்சம் கூடுதல் அழுத்தத்தோடு சொல்வார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

நானும் பல வருடம் இதைச் சொன்னவன். அதனால் முதல் குட்டு என் தலைக்கே.

ஒரு நாள் காலை நடை போனபோது, எங்கள் பகுதிக்கு வரும் பேட்டரி வண்டியின் பின்னாலேயே இரண்டு தெரு நடந்தேன். வண்டியில் பச்சையும் நீலமுமாகத் தொட்டிகள். பக்கவாட்டில் இரண்டு சாக்குகள் தொங்கின. முக்கால்வாசி வீடுகளிலிருந்து ஒரே ஒரு கவர்தான் வந்தது, இறுக்கிப் போட்ட இரட்டை முடிச்சோடு. ஒரு முடிச்சைத் தூய்மைப் பணியாளர் அம்மா நகத்தால் நெம்பிப் பார்த்தார். அவிழவில்லை, கிழித்தார். உள்ளே முந்தின நாள் சாம்பார் சாதம், அதில் ஊறிப்போன செய்தித்தாள், முட்டை ஓடு, நாப்கின், எதிலும் சுற்றாத ஒரு ஷேவிங் பிளேடு. இரண்டு தண்ணீர் பாட்டிலை மட்டும் உருவிச் சாக்கில் போட்டுவிட்டு, மிச்சத்தை அப்படியே பச்சைத் தொட்டியில் கவிழ்த்தார்.

அடுத்த வீட்டில் ஒரு பாட்டி இரண்டு வாளியோடு காத்திருந்தார். ஒன்றில் காய்கறித் தோல். இன்னொன்றில் கழுவிக் காயவைத்த பால் கவர்களும் அட்டைப் பெட்டிகளும். கவரும் அட்டையும் நேராகச் சாக்குக்குப் போயின. காய்கறித் தோல் எங்கே போகும்? பச்சைத் தொட்டியில் ஏற்கெனவே எட்டு வீட்டுக் கதம்பம் கிடக்கிறது. அதன் தலையில்தான் விழுந்தது.

மாடியில் நின்று பல் தேய்த்துக்கொண்டே பார்ப்பவருக்கு இந்தக் கடைசிக் காட்சி மட்டும்தான் தெரியும். “பார்த்தீங்களா, ஒண்ணாக் கொட்டுறாங்க!” என்பார். பாட்டியின் தோலைக் கெடுத்தது அந்த எட்டு வீட்டு மூட்டை என்பதும், அதில் தன் வீட்டு மூட்டையும் ஒன்று என்பதும் அவர் கண்ணில் படாது. கலந்து கொடுத்ததால் கலந்தது. கலந்ததைக் காரணம் காட்டி மறுநாளும் கலந்தே கொடுக்கிறோம்.

“எத்தனையைத்தான் சார் பிரிக்கிறது? நேரத்துக்குள்ள இன்னும் நாலு தெரு முடிக்கணும்” என்றார் அந்த அம்மா. எரிச்சல் இல்லாமல், கணக்குச் சொல்வது போலச் சொன்னார். என் சமையலறையில் நான் செய்தால் ஒரு விநாடி வேலை. நூறு வீட்டுக்கும் அவர் ஒருவரே செய்தால் முழு நாளும் போதாது, விரலும் மிஞ்சாது.

பிறகு எங்காவது இயந்திரம் வைத்துப் பிரித்துக்கொள்ளட்டுமே என்பது அடுத்த சமாதானம். சாம்பாரில் ஊறிய காகிதத்தை எந்த இயந்திரமும் காகிதமாகத் திருப்பித் தராது. கண்ணாடித் தூளும் பேட்டரியும் கலந்த காய்கறிக் கழிவை உரமாக்கினால் எந்த விவசாயியும் வயலில் போட மாட்டார். அதையும் மீறிப் பின்னால் பிரிப்பதென்றால் என்ன செலவாகும்? கொடுங்கையூர்க் குப்பை மேட்டைப் பாருங்கள். பல பத்தாண்டுகளாக அங்கே மலையாகக் குவிந்த சுமார் 66 லட்சம் டன் பழைய குப்பையைத் தோண்டிச் சலித்துப் பிரிக்க மாநகராட்சி போட்டிருக்கும் திட்டத்தின் மதிப்பு சுமார் 640 கோடி ரூபாய். டன்னுக்கு ஆயிரம் ரூபாயை நெருங்குகிறது. அன்று சமையலறையில் ஒரு வாளி கூடுதலாக வைத்திருந்தால் முடிந்திருக்கும் வேலைக்குத்தான் இன்று இந்தக் கூலி. அதுவும் நம் வரிப்பணம்தான்.

பணம் போகட்டும். மேட்டுக்கு அடியில் ஈரக் குப்பை காற்றில்லாமல் அழுகினால் மீத்தேன் வாயு உண்டாகும். பக்கத்திலேயே பிளாஸ்டிக்கும் துணியும் விறகாகக் கிடக்கும். 2022 ஏப்ரலில் பெருங்குடிக் குப்பை மேடு தீப்பிடித்து நாள்கணக்கில் புகைந்தது. அந்த மேடு இருப்பது பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில். அதே ஆண்டில்தான் பள்ளிக்கரணை, உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. ஒரு கையால் உலக அங்கீகாரம் வாங்கி, மறு கையால் எரியும் குப்பை மேட்டுக்குத் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்தோம். அந்தப் புகையை மூச்சில் வாங்கியவர்கள் அக்கம்பக்கத்து ஜனங்கள். கூட்டத்தில் கை உயர்த்துகிற நண்பரின் ஜன்னல் வரை அது வரவில்லை.

பிரிக்கத் தெரியாத ஜனமா நாம்? பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் வாங்கித் தின்று வளர்ந்தவர்கள் நாம். செய்தித்தாளைத் தேதிவாரியாக அடுக்கி வைத்து, பேப்பர்காரர் தராசில் கை வைக்கிறாரா என்று கண்கொட்டாமல் பார்ப்போம். பால் கவரைக் கழுவிச் சேர்த்துக் காயலான் கடையில் எடைக்குப் போடும் வீடுகள் இன்றும் உண்டு. நாலு காசு வருமென்றால் இத்தனை நுணுக்கமாகப் பிரிக்கும் நமக்கு, காசு வராத இடத்தில் மட்டும் திடீரென்று அமைப்பின் மீது அவநம்பிக்கை பிறந்துவிடுகிறது. இதற்குப் பெயர் அவநம்பிக்கை என்றால், சோம்பலுக்கு வேறு பெயர் தேட வேண்டும்.

மாநகராட்சியின் மேல் குறையே இல்லை என்று நான் வாதாடவில்லை. பிரித்து வாங்கியதைக் காம்பாக்டர் லாரியில் ஒன்றாக அமுக்குவதும் நடக்கிறது. 2000-இல் சென்னையில் குப்பை அள்ளும் வேலை தனியார் கைக்குப் போனபோது டன் கணக்கில் கூலி பேசினார்கள். எடைக்குக் கூலி என்றால் ஈரமும் மண்ணும் சேரச் சேர லாபம். பிரிக்கச் சொல்லி யார் மெனக்கெடுவார்கள்? கோபப்பட இங்கே நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தக் கோபத்தோடு வார்டு அலுவலகத்துக்குப் போய், “நான் பிரித்துக் கொடுத்ததை ஏன் கலந்தீர்கள்?” என்று கேட்க ஒரு தகுதி வேண்டும். முதலில் பிரித்துக் கொடுத்திருக்க வேண்டும். 2016-இன் திடக்கழிவு மேலாண்மை விதிகள், மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டு அபாயக் கழிவு என்று மூன்றாகப் பிரித்துக் கொடுக்கும் கடமையைக் குப்பையை உண்டாக்குபவர் மேல்தான் சுமத்தின. நாம் சட்டத்தை மீறிக்கொண்டே மாநகராட்சியிடம் சட்டம் பேசுகிறோம்.

பிரித்துவிட்டால் எல்லாம் தீர்ந்துவிடும் என்றும் சொல்ல மாட்டேன். பளபளக்கும் சிப்ஸ் பாக்கெட்டைக் காயலான் கடைக்காரர் சீண்ட மாட்டார். அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் அதைத் தயாரிப்பவர். ஆனால் இந்திய நகரங்களின் வீட்டுக் குப்பையில் பாதிக்குப் பக்கம் மக்கக்கூடியது. அதை மட்டும் தனியாகக் கொடுத்தாலே உரம் ஆகும், எரிவாயு ஆகும். மீதி காய்ந்து நிற்கும், அதில் ஒரு பகுதி விலை போகும்.

கேரளத்தின் ஆலப்புழை நகரக் குப்பை போய்ச் சேர்ந்த சர்வோதயபுரத்தில், 2012-இல் மக்கள் ஊருக்குள் குப்பை லாரி வரக்கூடாதென்று மறித்தார்கள். அதன் பிறகு நகரத்துக்குச் சாக்குச் சொல்ல ஆள் இல்லாமல் போயிற்று. கொட்ட இடமில்லாதபோது “அவங்க கலக்குறாங்க” என்று யாரைக் காட்டுவது? வீட்டுக்கு வீடு குழாய் உரத் தொட்டியும் சாண எரிவாயுக் கலன் போன்ற சிறு கலன்களும் வந்தன. 2017-இல் ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு குப்பையை நன்றாகக் கையாளும் நகரங்களில் ஒன்றாக ஆலப்புழையைக் காட்டியது. கொடுங்கையூர் மக்களும் ஒருநாள் அப்படி லாரியை மறித்தால் நாம் என்ன செய்வோம்?

அதுவரை காத்திருக்க வேண்டாம். நாளை காலை மூன்று காரியம் செய்யுங்கள். ஈரத்தைத் தனி வாளியில், கவர் இல்லாமல் கொடுங்கள். காய்ந்ததைத் தனியாகக் கொடுங்கள். பிளேடையும் நாப்கினையும் காகிதத்தில் சுற்றி, மேலே சிவப்பு மையில் ஒரு கோடு போட்டுக் கொடுங்கள். அதற்குப் பிறகும் அவர்கள் ஒன்றாகக் கொட்டினால் சொல்லுங்கள், வார்டு அலுவலகத்துக்கு நானும் கூட வருகிறேன்.