பொதுத்தேர்வு போன வகுப்பு

காஞ்சிபுரம் மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலர் அவர்களுக்கு,

ஒரகடம் பக்கம் குடியிருந்து, மகளை அரசுப் பள்ளியில் படிக்கவைக்கும் ஒரு தாய் எழுதும் மடல் இது. கேட்க வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஸ்ரீபெரும்புதூர், குன்றத்தூர் வட்டாரங்களில் பெண்கள் படிக்கும் அரசுப் பள்ளிகளில், பதினோராம் வகுப்புக்கு வாரம் மூன்று பாடவேளை கலைக்கு ஒதுக்குங்கள். ஆண்டு முழுவதும், பள்ளி நேரத்துக்குள்ளேயே.

ஏன் பதினோராம் வகுப்பு? 2017-18இல் வந்த பதினோராம் வகுப்புப் பொதுத்தேர்வை, 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை எடுத்துவிட்டது. பத்துக்கும் பன்னிரண்டுக்கும் நடுவே பிள்ளைகளுக்கு மூச்சுவிட ஓர் ஆண்டு கிடைத்திருக்கிறது. பொதுத்தேர்வு வருவதற்கு முன்பு அந்த ஆண்டு என்ன ஆனது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. பல தனியார் பள்ளிகள் பதினொன்றில் சேர்த்த கையோடு பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தை ஆரம்பித்துவிடும். இப்போது அந்த வாசல் மறுபடியும் திறந்திருக்கிறது. காலியாக ஒரு பாடவேளை இருப்பதைக் கண்டால் கணக்கு ஆசிரியர் சும்மா விடுவாரா? அவரைக் குறை சொல்லவில்லை. தேர்ச்சி விகிதத்துக்குப் பதில் சொல்லும் சுமை அவர் தலையில் இருக்கிறது. அதனால்தான் உத்தரவு மேலிருந்து வர வேண்டும் என்கிறேன்.

கலைத் திருவிழா இருக்கிறதே என்பீர்கள். 2022-23இல் தொடங்கியது, பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாகப் போய், வென்றவர்களுக்குக் கலையரசன், கலையரசி பட்டம் கொடுக்கிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அது போட்டி. அறிவிப்பு வந்ததும் "யாருக்குடி ஆடத் தெரியும்?" என்று வகுப்பில் கேட்பார்கள். ஏற்கெனவே ஆடத் தெரிந்தவள் எழுந்து நிற்பாள். மற்றவர்களுக்குக் கைதட்டும் வேலை. தெரியாதவளுக்குக் கற்றுக்கொடுப்பது யார்?

கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் ஓவியத்துக்கும் உடற்கல்விக்கும் தொழிற்கல்விக்கும் பகுதிநேரப் பயிற்றுநர் வேண்டும் என்கிறது. அதை வைத்துத்தான் 2012இல் 16,549 பேரை மாதம் 5,000 ரூபாய்க்கு, வாரம் மூன்று அரைநாள் வேலைக்கு எடுத்தார்கள். தொகுப்பூதியம் பிறகு ஏறியது. பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் சென்னையில் போராடுவதைப் பல முறை செய்தியில் பார்த்துவிட்டோம். அது உங்கள் மேசையைத் தாண்டிய விவகாரம். நான் சொல்ல வருவது, எட்டாம் வகுப்போடு அந்த ஏற்பாடும் முடிந்துவிடுகிறது என்பதை. பெண் தனக்கென்று பேசத் தொடங்கும் வயதில் ஓவிய நோட்டை மூடிவைக்கிறோம்.

அதற்குப் பிறகு இந்த ஊரில் அவளுக்கு என்ன காத்திருக்கிறது என்று நீங்களே பார்க்கிறீர்கள். வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் விடுதி 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. வெளிமாவட்டங்களிலிருந்து பெண்கள் அங்கே வந்து தங்குகிறார்கள். எங்கள் பெண்களில் பலர் பிளஸ் டூ முடித்த சூட்டோடு கம்பெனி பஸ் ஏறுகிறார்கள். வேலையைப் பழிக்கவில்லை. சம்பளம் வாங்கும் பெண்ணுக்கு வீட்டில் கிடைக்கும் மரியாதை எனக்குத் தெரியும். ஆனால் லைனில் நிற்பவளுக்கு ஷிப்ட் முழுக்க ஒரே அசைவு, வாய்க்கு வேலையில்லை. 2021 டிசம்பரில், விடுதிச் சாப்பாட்டால் உடன் வேலை செய்தவர்கள் மருத்துவமனைக்குப் போனபோது, ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் வந்து உட்கார்ந்தார்கள். அதன் பிறகுதான் அவர்கள் எப்படிப்பட்ட இடத்தில் தங்கியிருந்தார்கள் என்பதே வெளியே தெரிந்தது. நாலு பேர் முன்னால் நின்று வாய் திறக்கும் பழக்கம் நடுரோட்டில் கற்றுக்கொள்ள வேண்டியதா?

அதற்கு வேண்டிய கலை இந்த மாவட்டத்திலேயே இருக்கிறது. காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கலில் கட்டைக்கூத்து குருகுலம் 2002 முதல் 2020 வரை நடந்தது. சிறுவயதிலேயே பள்ளியை விட்டுக் கூத்துக்குப் போன பெருங்கட்டூர் ராஜகோபாலும், நெதர்லாந்திலிருந்து வந்த ஹன்னே டி புருயினும் நடத்திய உறைவிடப் பள்ளி அது. பாடமும் கூத்தும் அங்கே சேர்ந்தே நடந்தன. திரௌபதி வேடத்தைக்கூட ஆண்களே கட்டிவந்த கலையில், அங்கே பெண் பிள்ளைகள் கிரீடமும் புஜக்கட்டையும் கட்டி ஆடினார்கள். குருகுலம் மூடிவிட்டது. அங்கே பயின்ற பெண்கள் இருக்கிறார்கள். அவர்களைக் கூப்பிடுங்கள்.

ஒரே ஆண்டில் முழுக் கூத்தைக் கற்றுக்கொடுத்துவிட முடியாது. அது என் ஆசையும் அல்ல. காலாண்டு வரை அடவும் பாட்டும் தாளமும் பழகட்டும். அரையாண்டு வரை அட்டையிலும் கட்டையிலும் அணிகளைத் தாங்களே செய்து, வண்ணம் தீட்டி, முகம் எழுதிப் பழகட்டும். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகளும் இங்கே படிக்கிறார்கள். தமிழ்க் கட்டுரையில் திணறுகிறவள் தாளத்தில் திணற மாட்டாள். பிறகு தங்கள் கதையையே எழுதட்டும். கூத்தில் எனக்கு மிகவும் பிடித்தவன் கட்டியங்காரன். துரியோதனன் சபையிலேயே நின்று ராஜாவைக் கிண்டல் செய்வான். ராஜாவும் கேட்டுக்கொண்டுதான் இருக்க வேண்டும். அந்த வேடத்தை ஒரு பதினாறு வயதுப் பெண் கட்டி, நைட் ஷிப்டையும் சூப்பர்வைசரையும், மாப்பிள்ளை பார்க்கும் மாமாவையும் (ஏன், கல்வி அலுவலரையும்தான்) வம்புக்கு இழுப்பதை நான் பார்க்க வேண்டும்.

"பெண் பிள்ளை கூத்தாடுவதா?" என்று சில வீடுகளில் கேட்பார்கள். கேட்கட்டும். அந்தத் தாய்மார்களைப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு அழைத்து, ஒரு பெண் கலைஞரை அரைமணி நேரம் ஆடச் சொல்லுங்கள். திரௌபதியம்மன் கோயில் திடலில் விடிய விடியக் கூத்துப் பார்த்து வளர்ந்தவர்கள்தான் எல்லாரும்.

பள்ளி நேரத்துக்குள் என்று சொன்னதற்குக் காரணம் பஸ். மணி அடித்ததும் ஓடினால்தான் எங்கள் பிள்ளைகள் ஊருக்கு வண்டி பிடிக்க முடியும். மாலையில் ஒத்திகை வைத்தால் பள்ளிக்குப் பக்கத்தில் வீடு இருப்பவள் மட்டுமே கலையரசி ஆவாள்.

பணம்? 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டம் 2022 டிசம்பரிலிருந்து இருக்கிறது. சுற்றிலும் இருக்கும் கம்பெனிகள் கழிப்பறை கட்டவும் வகுப்பறைக்கு வண்ணம் அடிக்கவும் முன்வருகின்றன. கூத்துக் கலைஞரின் ஓராண்டுச் சம்பளத்தில் பெயர்ப்பலகை மாட்ட முடியாது என்பதால் அதை அவர்களாகக் கேட்கமாட்டார்கள். நீங்கள் கேளுங்கள்.

ஜூன் மாதக் கால அட்டவணை போடுவதற்கு முன் ஒரு சுற்றறிக்கை வந்தால் போதும். எல்லாப் பள்ளியிலும் உடனே முடியாது என்றால் முதல் ஆண்டு ஒரே பள்ளியில் தொடங்குங்கள். எது என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். பிப்ரவரியில் பிள்ளைகள் நாடகம் போடும்போது நீங்களும் வர வேண்டும். தலைமையுரை, வாழ்த்துரை எதுவும் இருக்காது.

இப்படிக்கு,
ஒரகடத்திலிருந்து ஒரு தாய்