முக்காலி எங்கே?

மேடையிலே அரசன் அரியணையில் அமர்ந்து அரைமணி நேரம் அடுக்குமொழி பேசுவான். ஈட்டி ஏந்திய வாயிற்காப்போன் அசையாது நிற்பான். ஒருநாள் திரை விழுந்ததும், அந்த வேடம் தாங்கிய தோழன் காலைப் பிடித்துக்கொண்டு தரையிலே அமர்ந்துவிட்டான். "அண்ணே! எத்தனைப் பக்க வசனம் வேண்டுமானாலும் கொடுங்கள், பேசுகிறேன், நிற்கமட்டும் சொல்லாதீர்கள்" என்றான். அரைமணிக்கே அந்தப் பாடு!

தோழர்களே! துணிக்கடையிலே பத்து மணி நேரம் நிற்கிறாளே நம் தங்கை, அவள் கால் என்னாகும்?

காலுக்கு இறங்கிய குருதி மேலேற வேண்டுமானால் கெண்டைக்கால் தசை அசைந்து, அழுத்தி, மேலே தள்ள வேண்டும். அசையாது நின்றால் குருதி தேங்கும், நாளங்கள் வீங்கும், ஆண்டுகள் செல்லச்செல்ல முறுக்கிய கயிறுபோல் தோலுக்கடியிலே புடைக்கும். நரம்புச் சுருட்டல் என்று ஊரார் சொல்வது இதைத்தான். இருபது வயதிலே துள்ளி வந்தவள், நாற்பதிலே படியேறத் தவிப்பதுண்டு. கடைக்காரர் கலங்குவாரா? இன்னொரு இருபது வயது வாசலிலே காத்திருக்கிறதே! முதலாளியின் முதல் பெட்டியிலே. இவளது முதலோ காலிலே. இரவு கணக்குப் பார்த்தால் அது வளர்ந்திருக்கும், இது தேய்ந்திருக்கும்.

பணிப்பெண் அமர்ந்தால் வாடிக்கையாளருக்கு மரியாதைக் குறைவாம்! கல்லாவிலே அமர்ந்திருப்பவர் யார்? அவர் எழுந்து நிற்கவில்லை என்று மனம் நொந்து திரும்பியவர் எவரேனும் உண்டா?

நின்று உழைப்போருக்கு, வாய்ப்புக் கிடைக்கும்போது அமர இருக்கை வேண்டுமென்று 1948 ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 44 ஆம் பிரிவு அன்றே கூறிற்று. ஆலைக்குக் கிடைத்தது அங்காடிக்கு வர 73 ஆண்டுகள்! கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவிலே கடைப்பெண்கள் கிளர்ந்தெழுந்தனர். கேரளம் 2018இல் வழிவிட்டது. 2021 செப்டம்பரில் தமிழ்நாடு சட்டமன்றமும் கடைகள், நிறுவனங்கள் சட்டத்திலே திருத்தம் கண்டது. பெருமைதான், மறுக்கவில்லை.

ஆனால் அண்மையிலே, தங்கையின் திருமணத்துக்குப் புடவை எடுக்கச் சென்ற கடையிலே நான் கண்டது வேறு. முக்காலி இருந்தது. அதன்மேல் புடவைக் கட்டு அமர்ந்திருந்தது, அவள் நின்றிருந்தாள். "உட்காரலாமே அம்மா" என்றேன். கூரையிலிருந்த காமிராவைக் கண்ணாலே காட்டினாள். நாங்களோ மெத்தையிலே சாய்ந்து அறுபது புடவைகளைப் பிரிக்கச் சொல்லி, இரண்டு எடுத்தோம். அந்தக் குற்றத்திலே எனக்கும் பங்குண்டு.

பண்டிகைக்குத் துணியெடுக்கக் குடும்பத்தோடு செல்வீர்கள். விலை கேட்குமுன், முக்காலி எங்கே என்று கேளுங்கள். அவளிடம் கேட்டுவிடாதீர்கள், வேலை போய்விடும்; கல்லாவிலே அமர்ந்திருக்கிறாரே, அவரிடம் கேளுங்கள்.