மீல் மேக்கர் சாப்பிட்டால் மறதி வருமா?

காஞ்சிபுரத்தை அடுத்த கூரம், கூரத்தாழ்வார் பிறந்த ஊர். ராமானுஜரோடு காஷ்மீர் வரை போனவர், கிடைத்த போதாயன விருத்தி ஏடு திரும்பப் பறிபோவதற்குள் அதை மனப்பாடம் செய்துவிட்டார் என்கிறது வைணவ மரபு. அப்படியொரு ஞாபகசக்திக்கு அவர் என்ன சாப்பிட்டார் என்று அந்தக் கதையைக் கேட்டவர்கள் யோசித்திருக்க மாட்டார்கள். இன்று முதல் கேள்வியே அதுதான். அதில் மாட்டிக்கொண்டது சோயா. ஒரு வாட்ஸ்அப் ஃபார்வர்டில் அது மூளையைச் சுருக்கும். அடுத்ததில் மறதிக்கு மருந்து!

பயம் கிளம்பிய இடம் ஹவாய். அங்கு வாழும் ஜப்பானிய வம்சாவளி ஆண்களை 1960-களிலிருந்து கவனித்துவந்த ஆய்வின் ஒரு முடிவு 2000-ல் வெளியானது. நடுவயதில் டோஃபு (சோயாப் பாலில் செய்யும் பனீர் மாதிரியான உணவு) அதிகம் சாப்பிட்டவர்கள், முதுமையில் சிந்தனைத்திறன் சோதனைகளில் பின்தங்கியிருந்தார்கள். 2008-ல் இந்தோனேசியாவின் ஜாவாவில் இன்னொரு திருப்பம். டோஃபு அதிகம் சாப்பிட்ட முதியவர்களுக்கு நினைவுத்திறன் குறைவு, புளிக்கவைத்த சோயாவான டெம்பே சாப்பிட்டவர்களுக்கு அதிகம். இரண்டும் ஒரே பயறுதானே? டோஃபு கெடாமலிருக்கச் சேர்க்கும் ஃபார்மலின் காரணமோ என்று ஆய்வாளர்களே சந்தேகப்பட்டார்கள். 2011-ல் அதே குழுவினர் சற்று வயது குறைந்த முதியவர்களைப் பார்த்தபோது, சோயா நல்ல நினைவுத்திறனோடு சேர்ந்தே வந்தது.

இப்படி மாறி மாறி வருவதில் ஆச்சரியமில்லை. இவை ‘என்ன சாப்பிட்டீங்க?’ என்று கேட்டுச் செய்த ஆய்வுகள். சாப்பிட்டவரின் வருமானம், படிப்பு, உடல்நிலை எல்லாம் அந்த பதிலோடு ஒட்டிக்கொண்டு வரும். சாப்பிடக் கொடுத்தே சோதித்தால்? அமெரிக்காவில் மாதவிடாய் நின்ற 350 பெண்களை வைத்து அதையும் செய்தார்கள். பாதிப் பேருக்குத் தினமும் 25 கிராம் சோயா புரதம், இரண்டரை ஆண்டுகள். 2012-ல் வந்த முடிவு: ஒட்டுமொத்த சிந்தனைத்திறனில் முன்னேற்றமும் இல்லை, சரிவும் இல்லை.

அப்புறம், நம்மூர் மீல் மேக்கர் டோஃபுவும் இல்லை, டெம்பேயும் இல்லை. எண்ணெய் எடுத்தபின் மிஞ்சும் சோயா மாவில் செய்வது. உலர்ந்த 100 கிராமில் சுமார் 50 கிராம் புரதம். காலையில் இட்லி, மதியம் சோறு, ராத்திரி தோசை என்று ஓடும் ஒரு நெசவாளர் வீட்டில், கைக்கு எட்டும் விலையில் கிடைக்கும் புரதம் அது. ஃபார்வர்டை நம்பி அப்பாவின் தட்டிலிருந்து அதை எடுப்பதுதான் நிஜமான நஷ்டம். ‘மூளைக்கு நல்லது’ என்று விற்கும் சோயா மாத்திரைக்குக் காசு கொட்டுவதும் வீண்தான்.

இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் சுமார் 7.4 சதவீதம் பேருக்கு டிமென்ஷியா என்கிறது 2023-ல் வெளியான தேசிய அளவிலான மதிப்பீடு. தவிர்க்கக்கூடிய 14 காரணங்களை 2024-ல் லான்செட் ஆணையம் பட்டியலிட்டது. ரத்த அழுத்தம், சர்க்கரை, கெட்ட கொழுப்பு, காது கேளாமை, புகை, உடலுழைப்பின்மை எல்லாம் அதில் உண்டு, சோயா இல்லை. அப்பாவுக்குக் கடைசியாக பிபி பார்த்தது எப்போது?

சோயா விஷயத்தில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: தைராய்டு மாத்திரை. அது உடலில் சேர்வதை சோயா குறைக்கலாம். மாத்திரையைக் காலையில் வெறும் வயிற்றில் போட்டுவிட்டு, மீல் மேக்கர் குழம்பை மதியத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.